மூன்று பென்னி சுயாட்சி

1894 மார்ச் 1 அன்று கிளாட்ஸ்டன் பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் கடைசி முறையாகப் பேசினார். வயது 84. கண்ணும் காதும் மங்கிவிட்டிருந்தன. நான்கு முறை பிரதமராக இருந்தவர். அவருடைய அயர்லாந்து சுயாட்சி மசோதாவைப் பிரபுக்கள் சபை தூக்கியெறிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அன்றைய பேச்சைப் பிரபுக்களுக்கு அவர் விட்ட எச்சரிக்கை என்றுதான் வரலாற்றுக்காரர்கள் எழுதுவார்கள். எந்த மசோதாவின் பேரில் எழுந்து நின்றார் என்பதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது பாரிஷ் கவுன்சில் மசோதா. ஊர்க்குட்டையை யார் தூர்வாருவது, திறந்த சாக்கடையை யார் மூடுவது, கிணற்றடிக்கு யார் வழிசெய்வது, ஒற்றையடிப் பாதையை எவரும் வேலி போட்டு அடைத்துவிடாமல் யார் காப்பது என்பதெல்லாம் அதில் இருந்தன. அவற்றில்தான் பிரபுக்கள் கைவைத்திருந்தார்கள்.

பிரபுக்களுக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கத் தோன்றும். ஒரு குட்டைக்கும் சாக்கடைக்கும் என்ன வந்துவிட்டது? பதில் வேண்டுமென்றால் அதற்கு முந்தைய முந்நூறு ஆண்டுகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் பாரிஷ் என்பது ஒரு தேவாலயமும் அதைச் சார்ந்த ஊரும். தேவாலயத்தின் அங்கி அறையில் கூடுகிற வெஸ்ட்ரிதான் ஊரை நடத்தியது. தலைமை நாற்காலி பாதிரியாருக்கு. ஏழைகளுக்கு உதவி, ஊர்க்காவல், சாலை எல்லாம் அதன் பொறுப்பு. 1818இல் வந்த ஒரு சட்டம் வெஸ்ட்ரியில் சொத்துக்கேற்ற வாக்கைக் கொண்டுவந்தது. 50 பவுண்டுக்குக் குறைவான மதிப்பில் வரி கட்டுபவருக்கு ஒரு வாக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 25 பவுண்டுக்கும் இன்னொன்று. ஆனால் ஆறுக்கு மேல் கிடையாது. கூலிக்காரர் ஒரு கையைத் தூக்கினால் பண்ணையார் ஆறு கையைத் தூக்கினார்.

சாலையின் கதை இன்னும் பழையது. மேரி அரசி காலத்தில், 1555இல், சாலைகளைச் செப்பனிடும் கடமையைச் சட்டம் ஒவ்வொரு பாரிஷின் தலையிலும் கட்டியது. ஆண்டுக்கு நான்கு நாள் ஊரார் கூலியில்லாமல் சாலையில் உழைக்க வேண்டும். உழவு மாடும் வண்டியும் வைத்திருப்பவர் வண்டியோடு ஆள் அனுப்ப வேண்டும். 1563இல் நான்கு நாள் ஆறு நாளானது. நம் ஊரில் குடிமராமத்து கண்மாய்க்கு என்றால் அவர்களுக்கு அது சாலைக்கு. மேற்பார்க்க ஊரிலிருந்தே ஒருவரை ஓராண்டுக்கு நியமிப்பார்கள். சம்பளம் கிடையாது, மறுத்தால் அபராதம் உண்டு. வேலைக்கு வந்தவர்கள் மண்வெட்டியில் சாய்ந்து கதை பேசிப் பொழுதைப் போக்கினார்கள் என்ற புகார் மூன்று நூற்றாண்டும் ஓயவில்லை. 1835இல், விக்டோரியா பட்டத்துக்கு வருவதற்கு இரண்டு ஆண்டு முன்னால், இந்தக் கட்டாய உழைப்பை ஒழித்துச் சாலைவரி போட்டார்கள்.

வரி வந்ததும் சாலை மாறிவிடவில்லை. மேற்பார்வையாளர் பெரும்பாலும் ஒரு பண்ணைக்காரர். எந்தச் சாலையில் கப்பி கொட்டுவது என்று முடிவு செய்பவரும் அவரே. தன் களத்துக்குப் போகிற வழியில் முதல் வண்டிக் கல் விழுந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சுண்ணாம்பு மண் நிலங்களில் உழும்போது சக்கிமுக்கிக் கற்கள் மேலே வந்துகொண்டே இருக்கும். அவற்றைப் பெண்களும் பிள்ளைகளும் குனிந்து குனிந்து பொறுக்கிக் குவிப்பார்கள். குவியலுக்கு இவ்வளவு என்று சில்லறை கிடைக்கும். வயலும் சுத்தமாகும், சாலைக்குக் கல்லும் ஆகும். கல் பொறுக்கும் பருவத்தில் பள்ளிக்கூட வருகைப் பதிவேடுகளில் ஓட்டை விழும்.

பொறுக்கிய கல்லை உடைக்க வேண்டும். சாலைப் பொறியாளர் மெக்காடம் வகுத்த கணக்கில் ஒரு ஜல்லி ஆறு அவுன்சுக்கு மேல் இருக்கக் கூடாது, நம் அளவில் சுமார் 170 கிராம். பெரிய கல் போட்டால் சக்கரம் அதைப் புரட்டிவிடும். சின்னக் கல் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இறுகும். சாலையோரம் சாக்கு விரித்து உட்கார்ந்து, கண்ணுக்குக் கம்பிவலைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் கல் உடைத்தவர்கள், வயலில் இனி வேலைக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட கிழவர்கள். ஏழைகள் விடுதிகளில் அடைபட்டவர்களுக்கும் இதே வேலை. விக்டோரியா காலத்துக் கிராமச் சாலை என்று நாம் படங்களில் ரசிக்கிறோமே, வெயிலில் வெள்ளையாக வளைந்து போகிறதே, அதன் ஒவ்வொரு கெஜத்திலும் இந்தக் கிழவர்களின் சுத்தியல் இருக்கிறது. மழைக்காலத்தில் அது சேறு, கோடையில் புழுதி.

ஆனாலும் சாலைக்கு ஆதரவாளர்கள் இருந்தார்கள். தானியம் சந்தைக்குப் போக வேண்டும், நிலக்கரி வர வேண்டும். வண்டி வைத்திருப்பவனுக்குச் சாலை மோசமானால் அச்சு முறியும், குதிரை நொண்டும். நஷ்டம் நேரடியாகத் தெரியும். அதனால் முணுமுணுத்துக்கொண்டாவது சாலைக்குக் காசு கொடுத்தார்கள். சாக்கடை அப்படியல்ல. அதில் நஷ்டப்படுகிறவன் குடிசையில் இருந்தான். குடிசையின் சொந்தக்காரன் வெஸ்ட்ரியில் இருந்தான். விக்டோரியா காலக் கிராமச் சுகாதாரத்தைப் பற்றி நான் படித்ததெல்லாம் கடைசியில் இந்த ஓர் இடத்தில்தான் வந்து நிற்கிறது.

டெவனில், டார்ட்மூர் மேட்டுநிலத்தின் வடக்கே, நார்த் டாட்டன் என்று ஒரு ஊர். 1839 ஜூலையில் அங்கே டைபாய்டு பரவியது. வில்லியம் பட் என்ற இளம் மருத்துவர் அந்த ஊர்க்காரர், தகப்பனாரும் மருத்துவர். நான்கைந்து மாதங்களில் எண்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு அவர் மருத்துவம் பார்த்தார். ஊரில் சாக்கடை அமைப்பு என்று ஒன்றும் கிடையாது. சில வீடுகளுக்குப் பொதுவாக ஒரு கக்கூஸ், பக்கத்தில் பன்றிக்கொட்டில், எல்லாம் வந்து சேரும் ஓர் எருக்குழி. அந்த எரு வீட்டுத் தோட்டத்து உருளைக்கிழங்குக்குப் போகும். அது அவர்களுக்குச் சொத்து. நாற்றத்தை எடுத்துவிடு என்று யாராவது வந்து சொன்னால், அடுத்த ஆண்டு கிழங்குக்கு எதைப் போடுவது என்று ஏழைக்கு ஒரு கேள்வி இருந்தது. நகரத்துச் சுகாதாரக் கனவான்கள் பலருக்கு இது கடைசிவரை புரியவில்லை.

அந்தக் காலத்து மருத்துவம் நாற்றமே நோய் என்று நம்பியது. பட் வேறு மாதிரி யோசித்தார். இந்தக் குழிகள் எத்தனையோ ஆண்டாக நாறிக்கொண்டிருக்கின்றனவே, காய்ச்சல் ஏன் இப்போது மட்டும் வந்தது? ஊருக்கு வேலைக்கு வந்திருந்த மரம் அறுப்பவர்கள் இருவர் நோயோடு மோர்ச்சர்ட் என்ற தங்கள் கிராமத்துக்குத் திரும்பினார்கள். அதுவரை காய்ச்சல் இல்லாத அந்த ஊரில் அவர்கள் வீடுகளிலிருந்தே அது பரவியது. ஒரு சின்ன ஊரில் யார் யார் வீட்டுக்குப் போனார், யார் யாருக்குப் பணிவிடை செய்தார் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். லண்டனில் இருந்தால் இந்தச் சங்கிலியைக் கண்டுபிடித்திருக்க முடியாது. நோயாளியின் குடலிலிருந்து வெளியேறுவதே நோயைச் சுமக்கிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். டைபாய்டு பற்றிய அவருடைய புத்தகம் 1873இல்தான் வெளிவந்தது. நோய்க்கிருமியை அப்போதும் யாரும் பார்த்திருக்கவில்லை.

எஸ்ஸெக்ஸில் டெர்லிங் என்ற ஊரும் இதே பாடத்தைக் கற்றது, கடும் விலை கொடுத்து. சுமார் 900 பேர் வாழ்ந்த கிராமம். 1867இன் கடைசியில் டைபாய்டு நுழைந்து நூற்றுக்கணக்கானவர்களைப் படுக்கையில் தள்ளியது. அரசின் மருத்துவ அதிகாரி ஜான் சைமனின் அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்து பார்த்தார். ஆழமில்லாத கிணறுகள், அவற்றையொட்டி மலக்குழிகளும் எருக்குவியல்களும். நிலத்தடி நீர் ஏறியபோது குழியும் கிணறும் ஒன்றாகிவிட்டன. அந்த ஊரின் மாளிகை ரேலி பிரபுக்களுடையது. வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று விளக்கிய ரேலி, சி. வி. ராமன் பெயரோடு நாம் சேர்த்துக் கேட்கும் அதே ரேலி, அந்தக் குடும்பத்துப் பிள்ளை. மாளிகையில் அறிவியல் இருந்தது. வெளியே கிணற்றில் மலம் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு பாதிரியாரைச் சொல்லாமல் போக மனமில்லை. ஹென்றி மூல், டார்செட்டில் ஃபோர்டிங்டன் திருச்சபையின் போதகர். 1854இல் அங்கே காலரா வந்தது. நிலம் கார்ன்வால் கோமகன் சொத்தைச் சேர்ந்தது, அதாவது அரச குடும்பத்தின் சொத்து. மக்கள் வாழ்ந்த நெரிசலையும் அசுத்தத்தையும் எழுதி மூல் நேராக விக்டோரியாவின் கணவர் இளவரசர் ஆல்பர்ட்டுக்கே கடிதங்கள் அனுப்பினார். (ஏழு ஆண்டு கழித்து ஆல்பர்ட் இறந்தபோது மருத்துவர்கள் சொன்ன காரணம் டைபாய்டு.) பிறகு மூல் தன் வீட்டு மலக்குழியை மூடிவிட்டு, மலத்தை உலர்ந்த மண்ணோடு கலந்து பார்த்தார். சில வாரங்களில் நாற்றம் போய் மண்ணோடு மண்ணாகிவிட்டது. 1860இல் மண் கக்கூசுக்குக் காப்புரிமை வாங்கினார். பிடியை இழுத்தால் மேலேயுள்ள பெட்டியிலிருந்து அளவாக மண் விழும். தண்ணீர் வேண்டாம், குழாய் வேண்டாம், எருவும் வீணாகாது. கிராமத்துக்கு ஏற்ற கண்டுபிடிப்பு என்றால் அது இதுதான். பள்ளிகளில் வைத்தார்கள், முகாம்களில் வைத்தார்கள், இந்தியச் சிறைகளுக்கும் ராணுவக் குடியிருப்புகளுக்கும் வந்தது. இங்கிலாந்தில் அதைத் தோட்டத்தில் கொட்டியவர் வீட்டுக்காரர் அல்லது அவருடைய வேலையாள். இங்கே அதைச் சுமக்க ஒரு சாதியை நிறுத்தி வைத்தோம்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 1865இல் சாக்கடை போடும் அதிகாரம் வெஸ்ட்ரிக்கே வந்தது. அதை எடுத்துப் பயன்படுத்த வெஸ்ட்ரிகளுக்கு மனம் வரவில்லை. 1872இல் பொதுச் சுகாதாரச் சட்டம் கிராமப்புறச் சுகாதாரத்தைக் கார்டியன்களிடம், அதாவது ஏழைகள் விடுதியை நடத்திய போர்டுகளிடம், ஒப்படைத்தது. பிச்சைச் செலவைக் குறைப்பதில் கைதேர்ந்தவர்கள் அவர்கள். வட்டாரத்துக்கு ஒரு சுகாதார மருத்துவ அதிகாரி, ஒரு நியூசன்ஸ் இன்ஸ்பெக்டர் என்று ஆள் போட்டார்கள். இன்ஸ்பெக்டருக்குப் பல இடங்களில் இது இரண்டாவது, மூன்றாவது வேலை. மருத்துவ அதிகாரிக்கோ பல ஊர்களில் ஆண்டுதோறும் பதவி நீட்டிப்பு வாங்க வேண்டிய நிலை. அதைக் கொடுக்க வேண்டியவர்கள், யாருடைய குடிசையைப் பற்றி அவர் அறிக்கை எழுதுகிறாரோ அவர்களே. அதையும் மீறி ஒரு குடிசை மனிதர் வாழத் தகுதியற்றது என்று எழுதிவிட்டால், பூட்டுப் போடலாம். பிறகு அந்தக் குடும்பம் எங்கே போகும்? ஊரில் வேறு வீடு கிடையாது. மனசாட்சி உள்ள அதிகாரிகள்தான் இதில் அதிகம் தவித்திருப்பார்கள். எழுதினால் குடும்பம் தெருவில், எழுதாவிட்டால் காய்ச்சலில்.

இத்தனைக்கும் பிறகுதான் கிளாட்ஸ்டன் பேசிய அந்தப் பாரிஷ் கவுன்சில் மசோதா 1894இல் சட்டமானது. 300 பேரோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு கிராமப் பாரிஷுக்கும் ஒரு கவுன்சில், ஐந்து முதல் பதினைந்து உறுப்பினர்கள். ஆறு வாக்கு ஒழிந்தது; ஆளுக்கு ஒரு வாக்கு. மணமான பெண்களும் மணமாகாதவர்களும் தகுதியிருந்தால் வாக்களிக்கலாம், போட்டியும் இடலாம். பாதிரியாருக்குத் தானாகக் கிடைத்துவந்த நாற்காலி போனது. ஊர்க்கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு முன் தொடங்கக் கூடாது. வயல் வேலை முடிந்து கூலிக்காரர் முகம் கழுவி வர நேரம் வேண்டுமல்லவா. வேறு இடம் கிடைக்கும்போது மதுக்கடையில் கூடக் கூடாது. பள்ளிக்கூட அறையை இலவசமாகக் கேட்கலாம். இந்தச் சின்னச் சின்ன ஷரத்துகளை எழுதியவர்களுக்குக் கிராமம் தெரிந்திருக்கிறது. ஒன்றில் மட்டும் சறுக்கினார்கள்: கைதூக்கி வாக்களிக்கும் முறை. யார் யாருக்குக் கை தூக்கினான் என்று முதலாளி பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம். வாக்குச்சீட்டு வேண்டுமென்று கேட்க உரிமை இருந்தது. கேட்பதற்குத்தான் துணிச்சல் வேண்டும். கிராம மக்களுக்குப் பொழுதுபோக்கு வேண்டுமானால் கவுன்சிலைவிட சர்க்கஸ் மேல் என்று கன்சர்வேடிவ் தலைவர் சாலிஸ்பரி பிரபு ஏற்கெனவே கேலி செய்திருந்தார். டிசம்பரில் நடந்த முதல் தேர்தலில் கூட்டம் நிரம்பி வழிந்தது.

இப்போது பணத்துக்கு வருவோம். கவுன்சில் தானாகச் செலவிடக்கூடியது பவுண்டுக்கு மூன்று பென்னி வரி. அதற்கு மேல் போக ஊர்க்கூட்டம் சம்மதிக்க வேண்டும்; சம்மதித்தாலும் ஆறு பென்னியைத் தாண்டக் கூடாது. தெருவிளக்கு போன்ற சிலவற்றுக்குத் தனிக் கணக்கு. ஊரின் மொத்த வரிமதிப்பு 2,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பென்னி வரி போட்டால் 8 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்னி கிடைக்கும். மூன்று பென்னிக்கு 25 பவுண்டு. இதில் குட்டையைத் தூர்வாரலாம், ஊர்க்கிணற்றுக்கு ஒரு பம்பு வைக்கலாம், வயல்வழி நடைபாதையில் உடைந்த படியை மாற்றலாம். சாக்கடை போட முடியாது. பணம் இருந்தாலும் முடியாது, ஏனென்றால் அதிகாரமே இல்லை. சாக்கடையும் குடிநீரும் சாலையும் அதே சட்டத்தால், பல பாரிஷ்களுக்குப் பொதுவான ரூரல் டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலுக்குப் போய்விட்டன. பெரிய சாலைகள் 1888 சட்டத்திலேயே அதற்கும் மேலே உள்ள கவுண்டி கவுன்சிலுக்குப் போயிருந்தன. குட்டையைச் சுத்தம் செய்யும் அதிகாரத்திலும் ஒரு வாசகம் ஒட்டிக்கொண்டிருந்தது: தனியார் உரிமையில் தலையிடக் கூடாது.

ஆக, நடந்தது இப்படி. மேலத் தெருவில் சாக்கடை கிணற்றில் கலக்கிறது என்று ஒருவர் எழுந்து சொல்வார். மினிட் புத்தகத்தில் ஏறும். எழுத்தர் டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதுவார். அவர்கள் இன்ஸ்பெக்டருக்கு அனுப்புவார்கள். இன்ஸ்பெக்டர் வீட்டுச் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் கொடுப்பார். சொந்தக்காரர் இரண்டு ஆளை விட்டு வாய்க்காலை வாரிவிடுவார். மழை வந்ததும் பழையபடி. டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் கடமை தவறினால் கவுண்டி கவுன்சிலிடம் முறையிடும் உரிமையையும் சட்டம் தந்திருந்தது. கவுண்டி அந்த அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளலாம். அரிதாகவே எடுத்துக்கொண்டது. சாக்கடை போட்டால் அதன் செலவு பெரும்பாலும் அந்த ஒரு பாரிஷின் வரியிலேயே விழும் என்பதால், மேலிடம் தயாரானாலும் ஊரே பின்வாங்கியது. கிணற்று நீரைத்தானே தாத்தா குடித்தார் என்று பேசியவர்கள் பண்ணைக்காரர்கள் மட்டுமல்லர்.

இதை வெறும் காகிதச் சண்டை என்று நான் தள்ளிவிட மாட்டேன். எந்தக் குடிசையின் வாசலில் என்ன தேங்கி நிற்கிறது என்பது அதுவரை அந்தக் குடிசையின் தலைவிதி. இப்போது அது தேதி போட்டு, தீர்மான எண் போட்டு, பண்ணையார் முன்னிலையில் வாசிக்கப்படும் விஷயம். கென்ட்டில் பென்ஸ்ஹர்ஸ்ட் கிராமத்தின் கவுன்சிலில் ஜேன் எஸ்கோம் என்ற பெண் இருந்தார். காலி வீடு இல்லாமல் குடிசைகளை மூட முடியாது என்ற அந்தப் பழைய முடிச்சை அவர் மறுமுனையிலிருந்து அவிழ்த்தார்: முதலில் வீடு கட்டுங்கள். அதற்கான சட்டம் 1890இலிருந்தே புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. கவுன்சில் ஆண்டுக்கணக்கில் டிஸ்ட்ரிக்டையும் கவுண்டியையும் லண்டனையும் விடாமல் நச்சரித்து, 1900இல் கூலிக்காரர்களுக்காக ஆறு வீடுகளை எழுப்ப வைத்தது. ஆறே வீடு. ஆனால் வேறெந்த ஊரிலும் இந்தக் கடிதப் போர் இவ்வளவு தூரம் போனதாக நான் படித்ததில்லை. பல ஊர்கள் 1897இல் அரசியின் வைர விழா வந்தபோது சந்தா வசூலித்து ஒரு பம்போ விளக்குக் கம்பமோ நட்டுத் திருப்தி அடைந்தன. வரிக்குத் திறக்காத பை ராஜபக்திக்குத் திறந்தது.

நமக்கு இதில் ஒரு கிளைக்கதை உண்டு. கிளாட்ஸ்டன் அனுப்பிய வைஸ்ராய் ரிப்பன் 1882இல் உள்ளாட்சித் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் வழியே 1884இல் சென்னை மாகாணத்தில் உள்ளாட்சி வாரியச் சட்டம் வந்து, கிராமங்களைச் சேர்த்து யூனியன்கள் அமைத்து, வீட்டுவரி போட்டு, தெரு, விளக்கு, துப்புரவு வேலைகளைப் பஞ்சாயத்தின் கையில் கொடுத்தது. டெர்லிங்குக்கும் நார்த் டாட்டனுக்கும் கவுன்சில் கிடைக்கப் பத்து ஆண்டு இருக்கும்போதே நம் பக்கத்துச் சில ஊர்களில் பஞ்சாயத்து உட்கார்ந்துவிட்டது. நம் யூனியனில் கிராம மணியக்காரர் பதவி காரணமாகவே உறுப்பினர். அங்கே 1894இல் பாதிரியாரை அந்த மாதிரி நாற்காலியிலிருந்துதான் இறக்கினார்கள். ரிப்பன் அப்போது கிளாட்ஸ்டன் மந்திரிசபையில் குடியேற்ற நாடுகளின் அமைச்சர். சைதாப்பேட்டைக்கும் சஸ்ஸெக்ஸுக்கும் ஒரே கட்சி எழுதிய சட்டங்கள். வரியின் உச்சவரம்பை எழுதும்போது கை நடுங்கியதும் இரண்டிலும் ஒன்றுதான்.

1929ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிராமச் சாலைகள் டிஸ்ட்ரிக்டிடமிருந்தும் பறிபோய்க் கவுண்டியிடம் சேர்ந்தன. 1944இல், உலகப் போர் முடியாத நிலையில், கிராமக் குடிநீருக்கும் சாக்கடைக்கும் ஒரு சட்டம் போட்டு இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் அரசுக் கஜானாவிலிருந்து 1.5 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். பாரிஷ் கவுன்சில்கள் அரை நூற்றாண்டாக எழுதிக்கொண்டிருந்த கடிதங்களுக்குப் பல ஊர்களில் பதில் வந்தது அந்தப் பணத்தில்தான்.